வடவெயில் இல்லம்

வெயில் கிடைக்காதவர்கள்தான் வெயிலைப் பற்றி அதிகம் பேசுவார்கள். கிடைத்தவர்கள் பேசாமல் அதில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார்கள். நான் முதல் வகை. ஆக்லாந்துக்கு வந்த நாளிலிருந்து வெயிலை எழுதிக்கொண்டே இருக்கிறேன்; ஈரச் சுவர்களில் ஒட்டாத வெயில், துணிக்கொடியை ஏமாற்றிவிட்டுப் போகும் வெயில். குளிர்காலம் தோறும் எங்கள் ரானுயி வீட்டுச் சுவர்களில் பூஞ்சணம் எனக்குக் கறுப்பில் பதில் எழுதும். மனைவி கௌரி அதை வினிகர் தொட்டு அழிப்பாள். (அழிக்கும்போது என் பக்கம் ஒரு பார்வை வரும். எதை அழிப்பதாக நினைக்கிறாளோ தெரியாது.)

கௌரிக்கு விரல் மூட்டுகளில் வாதம். ஜூன் குளிர் பிறந்தால் ஜாம் போத்தல் மூடியைத் திறக்கவும் ஆள் வேண்டும்.

"எனக்கு மாளிகை ஒண்டும் வேண்டாம். வெயில் விழுற ஒரு அறை காணும்" என்பாள்.

அறை கேட்டவளுக்கு நான் ஸ்பெயின் வாங்கித் தரப் புறப்பட்டேன்.

தூண்டியவர் அவளுடைய அண்ணன் சிவநேசன். ஆக்லாந்தின் பணக்காரப் பகுதியான எப்சமில் வீடும் பல் வைத்தியமும் உள்ளவர். ஒருநாள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். தெற்கு ஸ்பெயினின் மலைச்சரிவு. சுண்ணாம்பு வெள்ளைச் சுவர், மண் ஓடு, நடுவில் முற்றம், சுற்றிலும் ஒலிவ் மரங்கள். அந்த ஊர்ப் பழைய பண்ணை வீட்டின் சாயலில் புதிதாகக் கட்டும் சொகுசு வீடு. வெளியே பார்த்தால் ஆடு கட்டலாம் போலிருக்கும். உள்ளே போனால் நீச்சல் குளம்.

"எப்சமில ஒரு கராஜ் வாங்கிற காசுக்கு அங்க ஒலிவ் தோட்டம் ஐசே" என்றார். "பாதி நான், பாதி நீங்கள். வேலையை விட்டதும் அங்கயே போய் இருப்பம். விசா நான் பாக்கிறன்."

எனக்கு அந்த நிமிடமே மூக்கில் ஆரஞ்சுத் தோட்டத்துத் தோடம்பூ மணத்தது.

ஆகஸ்ட் மாத மாலையில் போன் திரையில் விற்பனைப் பெண் இசபெல் வந்தார். அங்கே காலை. கோடை வெயில் எல்லாச் சுவரிலும் பாலாய் வழிந்தது. மீதமிருந்தவை இரண்டு வீடுகள். ஒரே மலைமுதுகில், முதுகோடு முதுகு ஒட்டி நிற்பவை. ஒன்று தெற்கே பள்ளத்தாக்கைப் பார்த்தது. மற்றது வடக்கே பைன் காட்டைப் பார்த்தது.

"தெற்கு வீட்டை எடுங்கள். நாள் முழுக்க வெயில்" என்றார் இசபெல்.

நான் சிரித்தேன். ஆக்லாந்தில் வீடு பார்த்துப் பார்த்துப் பழுத்தவனின் சிரிப்பு. இங்கே வெயில் விழுவது வடக்குப் பக்கம். வீடு விற்கிறவர்கள் வணக்கம் சொல்வதற்கு முன்னால் 'வடக்குப் பார்த்தது' என்பார்கள். தெற்கு அறையில் சைக்கிள்தான் நிற்கும். போதாக்குறைக்கு வாஸ்துவிலும் வடக்கு குபேரனுடையது, தெற்கு யமனுடையது. அறிவியலும் சாத்திரமும் கைகோத்து நிற்கும்போது மறுக்க நான் யார்?

"எங்களுக்கு வடக்கு வீடுதான். தெற்கு யமனின் திசை" என்றேன் ஆங்கிலத்தில்.

"யார் அவர்? அவரும் வாங்குகிறாரா?"

"அவர் வாங்கமாட்டார். எடுத்துக்கொண்டு போவார்."

இசபெல் சற்று யோசித்தார். "அப்படியானால் தெற்கு வீட்டை ஒரு டச்சுத் தம்பதிக்குக் கொடுத்துவிடலாமா?"

"தாராளமாக."

கௌரி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அவ சொல்லுறதை ஒருக்கா வடிவாக் கேளுங்கோவன்."

"விக்கிறவை விலைபோகாததைத்தான் எங்கட தலையில கட்டப் பாப்பினம், கௌரி" என்றேன்.

வீடு கட்டி முடிய ஜனவரி ஆகும், கையெழுத்தும் அப்போதுதான் என்றார்கள். அதுவரை சும்மா இருக்க முடியுமா? நியூ லின்னில் ஒருவரிடம் சொல்லி மரத்தில் பெயர்ப்பலகை செய்தேன். 'வடவெயில் இல்லம்'. அந்தச் சொல் பிறந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பலகையை ரயிலில் ரானுயி வரை பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஜனவரியில் நல்ல நேரம் பார்த்து, எப்சம் வீட்டில் உறவுகளைக் கூட்டினார் சிவநேசன். ரோல்ஸ், வடை, கேசரி. சுவர் அளவுத் தொலைக்காட்சி. அதன் கீழே மாலை போட்டுச் சந்தனம் வைத்த என் பலகை. இரவுச் சாப்பாட்டு நேரமாகியும் ஜன்னலில் கோடை வெளிச்சம் போக மனமில்லாமல் நின்றது. நான் எழுந்து வெயிலைப் பற்றிச் சிறிய உரை ஒன்று ஆற்றினேன். (சிறியது என்பது என் கணக்கு.)

திரையில் இசபெல் வந்தார். கம்பளிக் கோட்டு, கையுறை, பேசினால் வாயிலிருந்து புகை. பின்னால் எங்கள் வீடு நீலம் பாரித்து நின்றது. உள்ளே கூடம் கிணற்றின் அடிப்பக்கம் மாதிரி இருண்டிருந்தது.

"விளக்கைப் போடட்டுமா?" என்றார்.

"இன்னும் விடியவில்லை போலிருக்கிறது" என்றேன்.

"விடிந்துவிட்டது, சேர்."

"வெயில் வருமல்லவா?"

"வரும். ஏப்ரலில்."

சிவநேசன் ரோல்ஸைக் கடித்தபடியே நின்றுவிட்டார். இசபெல் வெளியே வந்து மூலையைத் திரும்பினார். திரை ஆடி, குலுங்கி, சட்டென்று பொன்னாய் நிறைந்தது. தெற்கு வீட்டு விறாந்தையில் டச்சுத் தம்பதி வெறுங்காலை நீட்டிக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காலடியில் ஒரு செம்மஞ்சள் பூனை, வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு.

கௌரி திரையைக் காட்டிக் கேட்டாள். "இஞ்சேருங்கோ, அந்தப் பூனை ஏன் அங்கால போய்ப் படுத்திருக்கு?"

பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் மயூரிதான் மெதுவாகச் சொன்னாள். "அப்பா, ஸ்பெயின் நோதேர்ண் ஹெமிஸ்பியர். அங்க சன் சௌத் சைட்."

நான் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் வெயில் உச்சந்தலையில் அடித்தது. திசை விசாரிக்க அவகாசம் தரவில்லை. திசையை நான் ஆக்லாந்தில்தான் படித்தேன். படித்ததைப் பூமி உருண்டை முழுவதற்கும் பூசிவிட்டேன்.

"நீர் கவிஞர், உமக்குத் தெரியாது" என்றார் சிவநேசன். "சயன்ஸ் படிச்ச நானும் எல்லோ தலையாட்டினனான்."

"யமன்ர பக்கம் ஆக்கள் நல்ல சந்தோசமாத்தான் இருக்கினம்" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. அதோடு கூடமே சிரித்து உடைந்தது. கேசரி புரையேறிய ஒருவருக்குத் தலையில் தட்டினார்கள். இசபெல் நல்லவர், கையெழுத்தை வற்புறுத்தவில்லை. அடுத்து கட்டும் வீடுகளின் விலை எங்கள் கைக்கு எட்டாதது என்பதையும் பூப்போலச் சொன்னார்.

கௌரி மட்டும் சிரிக்கவில்லை. திரும்பும்போது காரில் கைகளை மடியில் பொத்தி வைத்திருந்தாள்.

"ஸ்பெயின் கைவிட்டுப் போனது கவலையில்லை. ஆக்லாந்தில வெயில் எந்தப் பக்கம் எண்டு உங்களுக்கு இவ்வளவு நாளும் தெரிஞ்சிருக்கு, என்ன?"

"ஓம்."

"அப்ப எங்கட வீட்டில வடக்குப் பக்கம் என்ன இருக்கு?"

என் எழுத்தறை இருக்கிறது. அதன் வடக்கு ஜன்னலை மறைத்துத் தரையிலிருந்து கூரைவரை புத்தக அலுமாரி இருக்கிறது. வெயில் பட்டால் அட்டைகள் வெளிறிப்போகும் என்று நானே நிறுத்தியது. அந்த இருட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வெயிலைப் பற்றி அத்தனையும் எழுதினேன்.

மறுநாள் காலை நானும் மயூரியும் அலுமாரியை இழுத்தோம். பின்னால் காத்திருந்த வெயில், இத்தனை வருடமாகத் தட்டிக்கொண்டிருந்த விருந்தாளியைப் போல உள்ளே வந்து தரையில் முழு நீளத்துக்குப் படுத்தது. பிறகு ஜன்னலைப் பெயர்த்துக் கண்ணாடிக் கதவு வைத்தோம். கௌரியின் நாற்காலி அங்கே போனது. அலுமாரியும் நானும் தெற்கு அறைக்குப் போனோம். நான் இப்போது போர்வையோடு எழுதுகிறேன்.

பலகையை அந்தக் கதவின் மேல் அடித்தேன். வடவெயில் இல்லம். இந்த அரைக்கோளத்தில் அது பொய் சொல்வதில்லை.

போன ஜூனில் ஒருநாள் அந்த அறையிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஜாம் போத்தலின் மூடி கௌரியின் கையில் தனியாக இருந்தது. அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பாணில் பூசிக்கொண்டிருந்தாள்.

உறவுகள் யாராவது எங்களைக் கேட்டுப் போன் எடுத்தால் மயூரி தனக்குத் தெரிந்த தமிழில் இன்றும் சொல்வது இதுதான்: "அம்மா ஸ்பெயினில. அப்பா யமன்ர பக்கம். ஆரைக் கூப்பிட?"