மதில் போன நாளும் ஐயோ அண்ணையும்

மொன்றியலில் பயந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் பயத்தை ஒரு முழுநேர வேலையாக, ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் செய்தவர் எனக்குத் தெரிந்து ஐயோ அண்ணை ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் சாரதி அனுமதிப்பத்திரத்தில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. எந்தப் பேச்சையும் 'ஐயோ'வில்தான் தொடங்குவார்.

"ஐயோ, தேத்தண்ணி நல்லாயிருக்கு."

"நல்லாயிருக்கிறதுக்கு ஏன் அண்ணை ஐயோ?"

"நாளைக்கும் இப்பிடி இருக்குமோ தெரியாதே!"

குளிர்காலத்தில் அவருக்குப் பனி தள்ளும் வேலை. முன்னால் பெரிய இரும்புத் தகடு பூட்டிய ஒரு பழைய டிரக். வீடு வீடாகப் போய் வாசலில் குவிந்த பனியைத் தள்ளி, காருக்கு வழி திறந்துவிடுவார். வீதியில் பனியில்லாத நாளில் பனி இல்லையே என்று பயம். பனி கொட்டும் நாளில் இவ்வளவு கொட்டுகிறதே என்று பயம். இரண்டுக்கும் நடுவில் ஐஸ் ஹொக்கி.

நாங்கள் கூடுவது ரஜனி அக்காவின் கடையில். ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் மீன் வைத்த மாலு பணிசும் ரோல்சும் விற்கும் சின்னக் கடை. சுவரில் ஒரு தொலைக்காட்சி. ரஜனி அக்கா மட்டக்களப்பு. ஹொக்கியைப் பொறுத்தவரை எங்கள் எல்லாரையும்விட விசயம் தெரிந்தவர். ரோல்ஸ் சுற்றிக்கொண்டே "அந்தப் பெடியன் இடப்பக்கம் திரும்பவே மாட்டான், பாருங்க" என்பார். அவன் திரும்பமாட்டான். நான் சந்தையில் மரக்கறிக் கடையொன்றில் வேலை. குளிர்காலத்தில் சந்தை பாதி உறங்கிவிடும் என்பதால், மீதி நேரம் ரஜனி அக்காவின் கடையில் கழியும்.

ஐயோ அண்ணை ஆட்டம் பார்க்கும் முறையே தனி. தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குளிர்பானப் பெட்டியைப் பார்த்தபடி இருப்பார். அதன் கண்ணாடியில் ஆட்டம் மங்கலாகத் தெரியும். அவருக்கு அவ்வளவு போதும். நேரே பார்த்தால் எதிரணி கோல் போட்டுவிடுமாம். எங்கள் மொன்றியல் அணி ஒரு கோல் பின்னால் இருந்தால் அவருக்குச் சாதாரண நடுக்கம். நாலு கோல் முன்னால் நின்றால்தான் பெரிய நடுக்கம்.

"ஐயோ, நாலு! உவ்வளவு உயரத்திலயிருந்து விழுந்தா என்னாகும் எண்டு யோசிச்சியே?"

ஒருமுறை வலையைக் காக்கும் எங்கள் கோலி தலையை நிமிர்த்தி அரங்கத்தின் கூரையைப் பார்த்தான். கழுத்து உளைந்திருக்கும். ஐயோ அண்ணை அதைக் கண்ணாடியில் கண்டுவிட்டு, "கூரையில ஏதோ கழண்டு விழப்போகுது, அவனுக்கு விளங்கிட்டுது" என்று கடைசிவரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இதெல்லாம் அவருடைய அன்றாடப் பயம். ட்ரேட் காலத்துப் பயம் வேறு.

ஹொக்கி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பருவம் பாதி தாண்டியதும் அணிகள் தங்களுக்குள் ஆட்களை மாற்றிக்கொள்ளும். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்குக் கதவு மூடும். அதுவரைக்கும் இன்றைக்கு எங்கள் சட்டை போட்டவன் நாளைக்கு ஆயிரம் மைல் தள்ளி வேறு சட்டை போடலாம். பெரும்பாலும் ஆளிடம் விருப்பம் கேட்பதில்லை. சொல்வார்கள், அவன் போவான்.

அந்த வாரங்களில் ஐயோ அண்ணையின் டிரக்கில் பிரெஞ்சு விளையாட்டு வானொலி காலை முதல் அலறும். அவருக்குப் பிரெஞ்சு பாதி விளங்கும். விளங்காத பாதியைப் பயம் நிரப்பும். ஒருநாள் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து விழுந்தார்.

"ஐயோ! கோலியைக் குடுத்திட்டாங்கள்!"

ரஜனி அக்காவின் கையிலிருந்த ரோல் எண்ணெய்க்குள் தவறி விழுந்தது. "யாருக்குப் பதிலா?"

"ஜாம்போன் எண்ட ஒருத்தன். நான் கேள்விப்பட்டதேயில்லை. அரைவாசி விலை எண்டு வேற சொல்லுறாங்கள்!"

நாங்கள் தொலைபேசிகளில் தேடினோம். எந்த அணியிலும் ஜாம்போன் இல்லை. கடைசியில் ரஜனி அக்காதான் அடுப்பைக் குறைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார். "அண்ணன், செய்தி முடிஞ்ச மறுகா விளம்பரம் போனதா?"

"ஓம், போனது."

"ஜாம்போன் எண்டா பன்றித் தொடை இறைச்சி. கடையில மலிவு விற்பனை."

ஐயோ அண்ணை வெட்கப்படவில்லை. "எண்டாலும் கோலியின்ரை பேருக்குப் பிறகுதானே சொன்னவங்கள்" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

அந்த ஆண்டு எங்களுடைய பெரிய வாக்குவாதம் மதிலைப் பற்றியது. மதில் என்பது நாங்கள் வைத்த பெயர். பின்வரிசை ஆட்டக்காரன். ஒன்பது வருடமாக எங்கள் அணியில் நின்றவன். எதிரணி அடிக்கும் பக்கை, அந்தக் கறுப்பு ரப்பர் வில்லையை, உடம்பால் மறித்து விழுவதுதான் அவன் வேலை. இப்போது வேகம் குறைந்துவிட்டது.

"முப்பத்தஞ்சு வயசு," என்றார் ரஜனி அக்கா. "இப்ப குடுத்தா ஒரு இளம் பெடியன் வருவான். அடுத்த வருசம் குடுத்தா யாரும் எடுக்க மாட்டாங்க."

"ஐயோ, மதிலை இடிச்சா கோலி வெறும் வளவுக்கை நிக்கிற மாதிரியெல்லே நிப்பான்!"

நான் ரஜனி அக்கா பக்கம். "அண்ணை, பாசம் வேற, கணக்கு வேற. அனுப்பத்தான் வேணும்" என்று பெரிய நிபுணன்போலச் சொன்னேன். சொல்வதற்குச் சுகமாகவும் இருந்தது.

அந்தப் பருவத்தில் ஐயோ அண்ணைக்கு இல்-பிசாரில் புதிய வீடுகள் கிடைத்திருந்தன. நதிக்கு நடுவே இருக்கும் அமைதியான தீவு. தனித்தனி வீடுகள், பேருந்து குறைவு. அதில் ஒரு வீட்டு வாசலில் ஒரு காலை ஒருவன் பற்கள் இரண்டு இல்லாமல் சிரித்துக் கை காட்டினான். அது மதில்.

அன்றிலிருந்து எங்கள் கடைக்கு நேரடிச் செய்தியாளர் கிடைத்துவிட்டார். ஆனால் அவர் கொண்டுவந்ததெல்லாம் பயம்தான்.

"ஐயோ, வாசல்ல வெறும் காட்போட் பெட்டியள் கிடக்கு."

"வெறும் பெட்டி வெளிய கிடந்தா சாமான் உள்ளுக்குப் போயிட்டு எண்டு அர்த்தம். புதுச் சாமான் வாங்கிறவன் போகமாட்டான்," என்றார் ரஜனி அக்கா.

"இல்லைப் பிள்ளை, சாமான் கட்டிப் பாத்திருக்கினம்."

நாய் தோட்டத்தில் நின்றால், அது வீட்டுக்கு விடைசொல்கிறது. நாய் நிற்காவிட்டால், ஏற்கெனவே போய்விட்டது. ஒருநாள் மதிலின் மகள், ஆறு வயதிருக்கும், ஐயோ அண்ணை ஒதுக்கிய பனிக் குவியலில் குகை தோண்டத் தொடங்கினாள். அந்த ஒரு செய்தியை மட்டும் அவர் பயமில்லாமல் சொன்னார். அடுத்த நாளிலிருந்து பனியை அவளுக்கு வசதியாக ஒரே மூலையில் குவித்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ட்ரேட்டின் கடைசி நாள் வந்தது. காலையிலிருந்தே புயல். படி துப்புரவாக்கும் அவருடைய உதவியாளருக்கு இடுப்புப் பிடித்துவிட்டது. சந்தையில் எனக்கு வேலையில்லை. "வாடாப்பா, தனிய இருந்து வானொலி கேட்டா எனக்கு நெஞ்சு நிண்டிடும்" என்று என்னை ஏற்றிக்கொண்டார்.

இல்-பிசார் பாலத்தில் முன்னால் எதுவுமே தெரியவில்லை. காற்று டிரக்கைத் தள்ளியது. நான் கதவுப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டேன். ஐயோ அண்ணையிடமோ வீதியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவருடைய காது முழுக்க வானொலியில். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், நாங்கள் மதிலின் வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது, அறிவிப்பாளரின் குரல் உயர்ந்தது. மதிலின் பெயர். பிறகு 'எஷாஞ்ச்', அதாவது மாற்றம், என்ற சொல். இந்தமுறை பின்னால் விளம்பரம் வரவில்லை. மேற்குப் பக்கத்தில் ஒரு நகரத்தின் பெயர் வந்தது.

ஐயோ அண்ணை 'ஐயோ' சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

மதிலின் வீட்டு வாசலில் இடுப்பளவு பனி. அவர் டிரக்கை அதன் குறுக்கே நிறுத்தி இயந்திரத்தை அணைத்தார்.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"தள்ளமாட்டன். தள்ளாட்டி எப்பிடிப் போவான்?"

"அண்ணை, உது ஆள் கடத்தல் மாதிரியெல்லே கிடக்கு!"

"பொலிசு வரட்டும். அவையும் எங்கடை அணிதான்."

அப்போது கதவு திறந்தது. மதில் ஒரு பையோடு வெளியே வந்தான். பின்னால் மனைவி, இடுப்பில் கைக்குழந்தை. மகள் அவன் ஒரு காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் பனிக்குள் இறங்கி எங்களிடம் வந்து ஆங்கிலத்தில் சொன்னான்: கூப்பிட்ட டாக்ஸி பாலத்தோடு திரும்பிவிட்டது, மாலை விமானத்தைப் பிடிக்க வேண்டும், நாளைக்கே அங்கே ஆட்டம், தயவுசெய்து வழி விடமுடியுமா?

தொலைக்காட்சியில் பக்கை நெஞ்சால் மறித்தவன். பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே நின்றான். பிறகு, யாரிடமும் அல்லாமல், "அங்கே எனக்கு ஒருத்தரையும் தெரியாது" என்றான்.

அந்த வாரம் முழுவதும் அவனை அனுப்பவேண்டும் என்று ரோல்ஸ் தின்றுகொண்டே தீர்ப்புச் சொன்னவன் நான். தலையைக் குனிந்துகொண்டு பையை வாங்கி டிரக்கில் வைத்தேன். வேறு என்ன செய்வது?

ஐயோ அண்ணை இயந்திரத்தை முடுக்கினார். பத்தே நிமிடத்தில் வாசலைத் துடைத்து எடுத்தார். பிறகு இருக்கையைத் தட்டிக் காட்டி, "கம், கம்" என்றார். நான் நடுவில். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் ஐயோ அண்ணை. முன்னால் பனித்தகடு. வீதியைத் திறந்துகொண்டே விமான நிலையம் போனோம். இரண்டு தடவை டிரக் சறுக்கியது. இரண்டு தடவையும் மதிலின் கை என் முழங்காலைப் பிடித்தது. இரும்புப் பிடி; ஒரு வாரம் அடையாளம் கிடந்தது.

பிறகு ஐயோ அண்ணை, வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல், தன்னுடைய ஆங்கிலத்தில் தொடங்கினார்.

"நோ ஃபியர். நியூ பிளேஸ், பர்ஸ்ட் டே, ஒன் கொஸ்டின் ஒன்லி. வேர் இஸ் டாய்லெட். செகண்ட் டே, ஆல் ஓகே."

மதில் திரும்பிப் பார்த்தான்.

"மீ, கனடா பர்ஸ்ட் டே, நோ ஆஸ்க். டூ மச் ஃபியர். ஹோல் டே..." என்று வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, பகல் முழுக்க அடக்கிக்கொண்டு நின்ற மனிதனை முகத்தால் நடித்துக் காட்டினார். "வெரி பிக் மிஸ்டேக்."

மதில் சிரித்தான். இல்லாத இரண்டு பற்களும் தெரியச் சிரித்தான். சிரிப்பு நிற்க வெகுநேரமானது. நடுவில் கண்ணையும் துடைத்துக்கொண்டான். அதன்பிறகு ஐயோ அண்ணை ஒன்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த முறைப்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். ஏன் பக்கைப் பிடித்ததும் எப்போதும் சுவர்ப்பக்கம் அடிக்கிறாய்? ஏன் மறித்து விழுந்தபின் எழும்ப அவ்வளவு நேரம்? எங்களுக்கு உயிர் போகிறது தெரியுமா? மதில் ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டான்.

இறங்கும்போது அவன் ஒரே ஒரு உதவி கேட்டான். பள்ளிக்கூடம் முடியும்வரை குடும்பம் இங்கேதான் இருக்கும். வாசல் படியில் உறைபனி நிற்காமல் பார்த்துக்கொள்ள முடியுமா?

"எவ்ரி டே," என்றார் ஐயோ அண்ணை.

பனி பெய்யாத நாட்களிலும் போனார். காலையில் முதல் வேலையாக இல்-பிசார் போய்ப் படியில் உப்புத் தூவிவிட்டு வருவார். "ஐயோ, பிள்ளை வழுக்கினா?" என்பார். பிள்ளை ஒருநாளும் வழுக்கவில்லை.

கோடைக்கு முன் மதிலின் புதிய அணி மொன்றியல் வந்து எங்களோடு ஆடியது. கடைசி நிமிடத்தில், நாங்கள் ஒரு கோல் பின்னால் நிற்க, எங்கள் ஆள் அடித்த பக் வலைக்குள் போகவேண்டியது. மதில் குறுக்கே விழுந்து நெஞ்சால் மறித்தான். தோற்றோம். கடை முழுக்கச் சோகம். ஒருவர் மட்டும் கை தட்டினார். தட்டிவிட்டு, தான் செய்த காரியத்தைக் கண்டு தானே பயந்து எங்களைப் பார்த்தார். மதிலுக்குப் பதிலாக வந்த இளம் பெடியனுக்காக வாதாடிய ரஜனி அக்காதான் சூடான பணிஸ் ஒன்றைத் தட்டில் வைத்து அவர் முன்னால் தள்ளினார்.

போன இலையுதிர் காலத்தில் எனக்கு ஒரு சத்திரசிகிச்சை. பெரிதில்லை, ஆனால் நெஞ்சில். காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால், எனக்கு முன்னமே வந்து ஐயோ அண்ணை நாற்காலியில் இருந்தார். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தன. தாதி நேரே அவரிடம் போய், "பயப்படாதீர்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் உள்ளே கூட்டிப் போவோம்" என்று ஆறுதல் சொன்னாள். ஆள் நானென்று தெரிந்தபின் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

என்னுடைய பங்கையும் சேர்த்து அவரே பயந்து முடித்திருந்தார். நான் நிம்மதியாகக் கண்ணை மூடினேன்.