முன்மொழியப்படும் தலைவர்

சேக்கோவே நடுவா அந்த அறிவிப்பை மூன்றாவது முறையும் படித்துப் பார்த்தார். பெயர் மாறவில்லை.

'ஃபிஜி பொறியியல் விசையியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை மாலை நடைபெறும். முன்மொழியப்படும் தலைவர்: சேக்கோவே நடுவா. ஆட்சேபம் இருப்பவர்கள் அலுவலகத்துக்கு எழுதலாம்.'

சங்கத்துக்கு அவர் பன்னிரண்டு வருடமாகச் செயலாளர். அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. மூலையில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் பேசுவதை எழுதினால் போதும். தலைவர் வேலை அப்படியில்லை. மேடையேற வேண்டும், மைக்கைப் பிடிக்க வேண்டும். சேக்கோவே கடைசியாக மைக் பிடித்தது நான்கு வருடம் முன்பு, நன்றியுரைக்காக. அன்று அவர் அமைச்சரைத் தவிர எல்லாருக்கும் நன்றி சொன்னார், மின்விசிறிக்கும் சேர்த்து.

இந்தக் குளறுபடி லிட்டியா செய்ததுதான் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. சங்க அலுவலகத்தில் வாரம் மூன்று நாள் வேலை பார்க்கும் பெண் அவள். "தலைவர் பேர் வர்ற இடத்தைக் காலியா விட்டுடும்மா, மெம்பருங்க பாத்துக்கட்டும்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவள் அறிவிப்பை அனுப்பிய கையோடு, தங்கை கல்யாணத்துக்காகக் கண்டாவு தீவுக்குக் கப்பலேறிவிட்டாள். அங்கே தென்னை மரத்தில் ஏறினால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். லிட்டியா மரம் ஏறுகிற பெண்ணில்லை.

சரி, முறைப்படியே போவோம் என்று சேக்கோவே தன் பெயருக்குத் தானே ஓர் ஆட்சேபக் கடிதம் எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினார். அரை நிமிடத்தில் பதில் வந்தது.

'கடிதம் கிடைத்தது. லிட்டியா விடுமுறையில் இருக்கிறார். அவசரமென்றால் செயலாளர் சேக்கோவே நடுவாவைத் தொடர்பு கொள்ளவும்.'

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலத்திலிருந்து போன் அடிக்க ஆரம்பித்தது. வருடத்துக்கு ஒருமுறைகூடக் கூப்பிடாத உறுப்பினர்கள் எல்லாம் கூப்பிட்டார்கள். முதலில் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு ரக்பி. அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார்கள்.

"சேக்கோவே, சங்கத்துக்கு இப்ப இளரத்தம் வேணும்" என்றார் பாலங்கள் கட்டுவதில் பேர் பெற்ற கிழவர் ஒருவர்.

"எனக்கு நாப்பத்தாறு வயசாச்சு சார்."

"அதைத்தான் சொல்றேன். குழந்தை மாதிரி!"

துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், "உங்க மாதிரி பொறுமை யாருக்கு வரும்? எனக்கெல்லாம் வராது" என்றார். மூன்றாவது ஆள், சேக்கோவேயின் கையெழுத்து மிக அழகாக இருக்கிறது என்றும், கையெழுத்து அழகாக இருக்கிறவர்களே நாட்டை ஆள வேண்டும் என்றும் சொன்னார்.

சேக்கோவேக்கு வியர்த்தது. தன்னைச் சுமந்துகொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்தால்தான் இவர்கள் ஓய்வார்கள் போலிருந்தது.

கடைசி நம்பிக்கை திமோதி. சேக்கோவேயின் அத்தை மகன், சங்கத்தின் துணைத்தலைவரும்கூட. ஃபிஜியில் மச்சான் என்றால் வாயைத் திறந்தாலே வசைதான் வர வேண்டும், அதுதான் பாசம். திமோதி முப்பது வருடமாக அவரைப் 'பன்றித் தலையா' என்றுதான் கூப்பிட்டு வந்தான். சேக்கோவேயின் கல்யாணத்தில் எழுந்து நின்று பெண் வீட்டாரிடம் அனுதாபம் தெரிவித்தவன் அவன்.

"டேய், நோட்டீஸ் பாத்தியா?" என்றார் சேக்கோவே போனில்.

மறுமுனையில் திமோதியும் தொண்டையைக் கனைத்தான்.

"பாத்தேன்."

"அதுல போட்டிருக்கற பேரு..."

"அதைப் பத்தி எதுவும் பேச வேண்டாம், மச்சான்" என்று திமோதி அவசரமாக இடைமறித்தான். "நானும் யோசிச்சுப் பாத்துட்டேன். தலைவர்னா ஒரு கம்பீரம் வேணும். அது என்கிட்ட இல்லை. உங்ககிட்ட இருக்கு."

சேக்கோவே போனைக் காதிலிருந்து எடுத்துச் சரியான எண்தானா என்று பார்த்தார்.

"உங்ககிட்டயா?"

"ஆமா. நீங்க நல்லவர். அறிவாளி."

"டேய், உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்கதான் உடம்பைப் பாத்துக்கணும். சங்கத்துக்கு நீங்க வேணும்."

"வெள்ளிக்கிழமை கூட்டத்துல எந்திரிச்சு என்னை நாலு திட்டுத் திட்டுடா. இவன் லாயக்கில்லைன்னு சொல்லுடா. வழக்கமா சொல்றதுதானே!"

"அய்யோ, உங்களையா?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான் திமோதி.

முப்பது வருடத்தில் மச்சான் வாயிலிருந்து வந்த முதல் மரியாதை அது. சேக்கோவேக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

புதன்கிழமை அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இப்போதைய தலைவர் டாக்டர் அம்பிகா சருப்பைத்தான் பிடிக்க வேண்டும். அவரையே இன்னும் இரண்டு வருடம் தொடரச் சொன்னால் பிரச்சினை தீர்ந்தது. வெறுங்கையோடு போகக்கூடாத விஷயம் இது; கரைத்துக் குடிக்கும் யாங்கோனா வேரை முன்னால் வைத்துத்தான் வேண்டுகோளைச் சொல்ல வேண்டும். சந்தைக்குப் போய் நல்ல கனமான யாங்கோனா வேர்க்கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு அம்மையாரின் வீட்டுக்குப் போனார்.

அம்பிகா சருப் கதவைத் திறந்தார். கண்கள் சிவந்திருந்தன. சேக்கோவேயைப் பார்த்தார், அவர் கையிலிருந்த வேரைப் பார்த்தார், ஓரடி பின்னால் போனார்.

"நோட்டீஸ் விஷயமா வந்தீங்களா?"

"ஆமா, மேடம்."

"ரெண்டு நாளாத் தூக்கமே இல்லை, சேக்கோவே."

"எனக்கும்தான், மேடம்."

சேக்கோவே முறைப்படி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வேர்க்கட்டை முன்னால் வைத்து, தலையைக் குனிந்து ஆரம்பித்தார்:

"உங்க வாசலைத் தேடி வந்திருக்கேன். கையில கொண்டு வந்தது சின்னது, மனசுல இருக்கறது பெரிசு. தலைவர் நாற்காலி விஷயமா ஒரு வேண்டுகோள். அதை..."

"புரிஞ்சுடுச்சு!" என்றார் அம்பிகா சருப். சட்டென்று அவரும் தரையில் உட்கார்ந்து, வேர்க்கட்டைத் தொட்டு, கைகளைக் குவித்து மூன்று முறை தட்டினார். ஏற்றுக்கொண்டாயிற்று. இனி அந்தப் பேச்சைத் திருப்பி வாங்க முடியாது.

"மேடம், நான் இன்னும் கேக்கவே இல்லையே..."

"கேக்கணுமா? என் ஆசீர்வாதம் பூரணமா உண்டு. நீங்களே வந்து முறையாக் கேட்டதுல எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?" அவர் எழுந்தார். உள்ளே ஓடிப் போய் ஒரு வெல்வெட் பெட்டியைக் கொண்டு வந்தார். தலைவர் கழுத்தில் அணியும் பதக்கம். "இப்பவே வச்சுக்குங்க. இல்லை, இல்லை, ஒண்ணும் சொல்லாதீங்க!"

சேக்கோவே வேரோடு போனவர், பதக்கத்தோடு திரும்பினார்.

வியாழன் முழுக்க யோசித்ததில் ஒரே ஒரு வழி மிஞ்சியது. கூட்டத்தில் முன்மொழியப்பட்டவர் முதலில் எழுந்து சங்கத்தின் நோக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும், பிறகுதான் கை தூக்குவார்கள். அந்தப் பேச்சில் சங்கத்தையே கிழித்துத் தொங்கவிட்டால்? படித்த மனிதர்கள், கோபித்துக்கொண்டு கையைத் தூக்காமல் விட்டுவிடுவார்கள். அத்தனை பேர் முகத்துக்கு நேரே பேச வேண்டியிருக்கும். ஆனால் இரண்டு வருடம் பேசுவதைவிடப் பத்து நிமிடம் பேசுவது மேல்.

வெள்ளிக்கிழமை தலைநகர் சுவாவில் பேய் மழை. வழக்கமாக ஆண்டுக் கூட்டத்துக்குப் பதினோரு பேர் வருவார்கள், அதிலும் நான்கு பேர் டீக்காக. அன்று கூடத்துக்குள் நுழைந்த சேக்கோவே அப்படியே நின்றுவிட்டார். சங்கத்தின் முப்பத்தொரு உறுப்பினரும் வந்திருந்தார்கள். லம்பாசாவிலிருந்து ஒருவர் காலில் கட்டோடு விமானம் ஏறி வந்திருந்தார். எல்லாரும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். காலையில்தான் கப்பலிலிருந்து இறங்கிய லிட்டியா, பின்னால் டீ கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் பேச நேரமில்லை.

அம்பிகா சருப் எழுந்தார். "அடுத்த தலைவரா முன்மொழியப்பட்டவர்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். கூடத்தில் பல கைகள் சட்டைப் பைக்குப் போயின. "...நம்ம சேக்கோவே!"

எங்கிருந்தோ ஒரு பெருமூச்சு கேட்டது. ஒன்றல்ல, பல.

சேக்கோவே மேடையேறி மைக்கைப் பிடித்தார். பின்சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.

"நம்ம சங்கத்தோட நோக்கம் என்ன?" என்றார். "விசை, இயக்கம், பொருள்களின் வலிமை ஆகியவை குறித்த அறிவை வளர்த்தலும் பரப்புதலும். பன்னிரண்டு வருஷமா அதை நான்தான் ஒவ்வொரு கடிதத்துக்கும் மேல அடிக்கிறேன். வளத்தோம், சரி. எங்கே பரப்பினோம்? நமக்குள்ளயேதான்!"

யாரும் அசையவில்லை. நல்லது, கோபம் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

"அந்தப் பெரிய புயல்ல என் தங்கச்சி வசிட்டியோட வீட்டுக் கூரை பறந்து போச்சு. மூணு தோட்டம் தாண்டி மரவள்ளிக் கொல்லையில கிடந்துச்சு. நான் போனேன். என்ன செஞ்சேன் தெரியுமா? அளந்தேன். காத்து எவ்வளவு வேகம், தகடு எவ்வளவு கனம், எந்த ஆணி முதல்ல பிடுங்குச்சு, எல்லாம் கணக்குப் போட்டுப் பன்னிரண்டு பக்கத்துக்குக் கட்டுரை எழுதினேன். நீங்க எல்லாரும் கை தட்டி எனக்குப் பரிசு குடுத்தீங்க. அதை எடுத்துட்டுப் போய் வசிட்டிகிட்ட காட்டினேன். அவ தார்ப்பாய்க்குக் கீழ உக்காந்து, கைக்குழந்தைக்கு மழை படாம மறைச்சுக்கிட்டு, 'அண்ணே, இந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் மேல போட்டா ஒழுகாம இருக்குமா?'ன்னு கேட்டா."

சேக்கோவேயின் குரல் உடைந்தது. இதைப் பேசத் திட்டமிட்டபோது உடையும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. சுவரை விட்டு மேடை விளிம்புக்கு வந்துவிட்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"கூரையையும் சுவரையும் சேத்துப் பிடிக்கிற இரும்புப் பட்டை, ஒரு வீட்டுக்கு நாப்பது இருந்தாப் போதும். இந்தக் கூடத்துல இருக்கற எல்லாருக்கும் அது தெரியும். வசிட்டிக்குத் தெரியாது. அவளுக்கு யார் சொல்றது? அதனால நான் தலைவரானா அந்தப் பழைய நோக்கத்தைக் கிழிச்சுப் போடுவேன். புதுசு ஒரே வரிதான்: இந்த நாட்டுல இனி ஒரு வீட்டுக் கூரையும் பறக்கக் கூடாது. மாசம் ஒரு சனிக்கிழமை எல்லா மெம்பரும் சுத்தியலோட கூரை ஏறணும். டாக்டர் பட்டம் வாங்கினவங்க முதல்ல ஏறணும். தொப்பை இருக்கறவங்களும் ஏறணும். இஷ்டமில்லைன்னா எனக்குக் கை தூக்காதீங்க!"

மைக்கை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஒழிந்தது சனியன்.

கூரைமேல் மழை வலுத்தது. பிறகு யாரோ கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டினார்கள். அம்பிகா சருப். அப்புறம் பாலக் கிழவர், துறைமுகக்காரர், அப்புறம் கூடம் முழுக்க. கண்ணைத் திறந்தபோது முப்பது கைகள் உயர்ந்திருந்தன. தவறு, முப்பத்தொன்று. திமோதி இரண்டு கையையும் தூக்கியிருந்தான். கால்கட்டுக்காரர், "நான் ஏணியைப் பிடிச்சுக்கறேன்!" என்று பின்னாலிருந்து கத்தினார்.

திமோதி மேடைக்கு ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டான். கன்னமெல்லாம் ஈரம்.

"அடேய் பன்றித் தலையா," என்றான், "இவ்வளவு நாள் இதை எங்கடா ஒளிச்சு வச்சிருந்தே?"

அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் சேக்கோவேக்கு உயிர் வந்தது. பதக்கத்தை யாரோ கழுத்தில் போட்டார்கள். யாங்கோனா கரைத்து எல்லாரும் குடித்தார்கள். வரும் சனிக்கிழமையே வசிட்டியின் ஊரில் ஆரம்பிப்பது என்று தீர்மானம் ஆனது. அதை எழுதிக்கொள்ள செயலாளரைத் தேடினார்கள், பிறகு அவர்தான் தலைவர் என்பது ஞாபகம் வந்து சிரித்தார்கள்.

எல்லாரும் போன பிறகு சேக்கோவே தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு மாதிரி சந்தோஷமாக இருந்தது. தன்மேல் இத்தனை நம்பிக்கை வைத்த மனிதர்களிடமிருந்து ஒரு வாரமாக ஓடி ஒளிந்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த லிட்டியா ஒரு கத்தைக் காகிதத்தோடு வந்தாள். "சார், நாற்காலிக்குக் கீழெல்லாம் கசக்கிப் போட்டிருக்காங்க. வேணுமா, குப்பையில போடவா?"

சேக்கோவே ஒன்றைப் பிரித்தார். திமோதியின் கையெழுத்து: 'தீராத முழங்கால் வலி காரணமாகத் தலைவர் பதவியை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறேன்.' அடுத்தது அம்பிகா சருப்: 'இன்னும் இரண்டு வருடம் தலைவராக இருக்கச் சொன்னால் என் இரத்த அழுத்தம் தாங்காது.' மூன்றாவது, பாலக் கிழவர்: 'எண்பத்தொரு வயதில் என்னைத் தலைவராக முன்மொழிந்தது நியாயமா?' எண்ணிப் பார்த்தார். முப்பது இருந்தன.

"லிட்டியா," என்றார் மெதுவாக, "அந்த நோட்டீசுல நீ யார் பேரைம்மா போட்டே?"

"காலியா விட்டா அசிங்கமா இருந்துச்சு சார். அதான், யாருக்குப் போகுதோ அவங்க பேரே தானா வந்து உக்கார்ற மாதிரி பண்ணி அனுப்பினேன். நல்லா வந்துச்சா?"