கடைசி மிதி

கோயமுத்தூரிலேயே பிரெஞ்சு மொழியைக் காதாலும் காலாலும் மட்டும் கற்றுக்கொண்டவர் ஒரே ஒருவர்தான்.

தொண்ணூறுகளில், பிளஸ் டூவில் மார்க் அள்ளலாம் என்று பிள்ளைகளைப் பிரெஞ்சில் சேர்த்துவிட்டு, ஆர்.எஸ்.புரத்து டியூஷன் வீட்டு வராந்தாவில் காத்துக் கிடந்த பெற்றோரில் நானும் ஒருத்தி. அவரும் அங்கேதான் காத்திருப்பார்; சிங்காநல்லூரில் கிரைண்டர் பட்டறை வைத்திருந்தார். அவர் மகனும் என் மகளும் ஒரே பள்ளி. ஜன்னல் வழியே பாடம் கேட்டே சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார்: வார்த்தையை அசை அசையாகப் பிரி, கடைசி அசையில் அழுத்து. ஓர் அசைக்கு ஓர் அடி நடப்பார், கடைசிக்கு ஓங்கி மிதிப்பார். "ரெஸ்... தோ... ரான்!" நாங்கள் வைத்த பெயர், கடைசி மிதி.

வராந்தாவில் இரண்டு ஓடுகள் பெயர்ந்தன. டவுன் பஸ்ஸில் இறங்கும்போதும் "ஷொ... கொ... லா!" என்று சாக்லேட்டைப் பிரெஞ்சில் சொல்லிக் கீழ்ப்படியை மிதித்தார்.

"ஏனுங்க, பஸ்ஸ ஒடைச்சுபோட்டுத்தான் எறங்குவீங்களா?" என்றார் கண்டக்டர்.

"அழுத்தம் கடைசிலதானுங்க வரோணும்."

என் மகளுக்குத் திக்குவாய். முதல் எழுத்திலேயே முட்டிக்கொண்டு நிற்பாள், மீதியை நானே சொல்லி முடிப்பேன். பள்ளியில் வாய்மொழித் தேர்வு வைத்தார்கள். தேறாவிட்டால் வேறு பாடத்துக்கு மாற்றிவிடுவார்களாம். அவளோ மாறவே மாட்டேன் என்று பிடிவாதம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

"மொதோ அசைல வெயிட்டே இல்லீங்க அம்மணி. பாப்பாவச் சும்மா கால வெச்சுப் போகச் சொல்லுங்க. கடைசிலதான் வேலை" என்றார் கடைசி மிதி.

முதலில் சிரித்த நான், வேறு வழியின்றி மகளோடு இரண்டு மாதம் வீட்டுக்குள் மிதித்து நடந்தேன். கீழ்வீட்டுக்காரர் மூன்று முறை மேலே வந்து சண்டை போட்டார். நாங்கள் நிறுத்தவில்லை.

தேர்வு நாளில் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. அவள் "யூ... யூ..." என்று நின்றுவிட்டாள். நான் பாய்ந்தேன். கடைசி மிதி வாசலில் கையை நீட்டி மறித்தார்.

"வழிய உடுங்க! நான் சொல்லிட்டு வந்தர்றேன்."

"நீங்க சொன்னா மார்க்கு உங்களுக்குத்தானுங்க விழும். நில்லுங்க."

எவ்வளவு நேரமோ தெரியாது. பிறகு உள்ளே காலடிச் சத்தம். "யூ... னி... வேர்... ஸி... தே!" மேஜையில் டம்ளர் உருண்டது.

நான் சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். அப்போது பக்கத்து அறையிலிருந்து அவர் மகன் வந்தான். அவனுக்கும் அந்நேரம்தான் தேர்வு.

"என் ரூம் வாசல்லயே நிக்கறேன்னீங்களே, எங்க போனீங்கப்பா?"

"இங்கதான் கண்ணு. பாப்பாவோட அம்மாவுக்கு ஒரே பயம். தொணைக்கு நின்னுபோட்டேன்."