நிபந்தனைகளுக்கு உட்பட்ட ஸ்டார் அண்ணாச்சி

திருநெல்வேலிச் சீமையில் இன்றுவரை ஒரு போட்டியில்கூடத் தோற்காத மனிதர் யாரென்று கேட்டால், எங்கள் ஸ்டார் அண்ணாச்சி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எதிலாவது சேர்ந்தால்தானே தோற்பதற்கு? சேருவதற்கு முன்னால் அவர் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள், போட்டி முடிந்து, பரிசு கொடுத்து, மைக் செட்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருப்பார்.

ஸ்டார் என்றதும் சினிமா நடிகர் சாயலில் யாரையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். பாளையங்கோட்டையில், நகர் என்று நாங்கள் சொல்லிக்கொள்கிற எங்கள் சின்னக் காலனியில் ஐந்தாவது வீட்டுக்காரர். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில், கேட்ட பணத்தை ஏன் தர முடியாது என்பதை பாலிசியின் பின்பக்கத்திலிருந்து கண்டுபிடித்துச் சொல்கிற உத்தியோகம். அதே பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஜவுளிக்கடை நோட்டீஸில் 'கார் பரிசு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் நம் கண்ணுக்குக் கார் தெரியும். அவர் கண்ணுக்கு, அந்தக் காரின் பக்கத்தில் கடுகு போல ஒட்டிக்கொண்டிருக்கிற நட்சத்திரக் குறி தெரியும். "ஸ்டார் போட்டிருக்கான், பாத்தியளா?" என்பார். அடியில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். பேர் வந்த கதை இதுதான். அவருடைய மனைவியை நாங்கள் மைனி என்று கூப்பிடுவோம். அவர் ஒருவர்தான் அண்ணாச்சியை வெட்கப்படாமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர். எங்களுக்கெல்லாம் அவரோடு நாலு தெரு நடந்து போவதற்கே கூச்சமாக இருக்கும்.

ஒரு முறை என் கணவர் அப்படியொரு நோட்டீஸைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தார். ஐந்து கேள்விகளுக்கு விடை, கடைசியில் ஒரு வாசகம். தமிழ்நாட்டின் தலைநகர் எது என்கிற தரத்தில் கேள்விகள். அண்ணாச்சி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்ன வே, அறிவுப் போட்டியா?"

"ஆமா அண்ணாச்சி. அஞ்சுக்கு அஞ்சும் தெரியும்."

"உமக்குத் தெரிஞ்சது ஊருக்கே தெரியுமே. எல்லாரும் அஞ்சும் சரியா எழுதினா என்ன செய்வான்?"

"என்ன செய்வான்?"

"கீழ வாசியும். குலுக்கிப் போடுவான். அப்ப உம்ம அறிவுக்கு இதுல என்ன வேலை? எல்லாம் குலுக்குதவன் கையில்லா இருக்கு. குலுக்கல்னு சொல்லிட்டுப் போகவேண்டியதுதான?"

'உங்கள் கடையில் நான் துணி எடுக்கக் காரணம்' என்று தொடங்கிய என் கணவரின் வாசகம் இன்னமும் காரணம் இல்லாமல் அலமாரியில் கிடக்கிறது.

எதிர்வீட்டு வாத்தியார் செல்போனில் கேரம் ஆடிப் பரிசு வாங்கப்போவதாகச் சொன்னபோதும் இதே கதைதான். எதிரே ஆடுவது மனுஷனா மெஷினா, நடுவில் நெட் போனால் தோற்றதாக எழுதிக்கொள்வானா, ஜெயித்ததை எப்போது கையில் தருவான், வேண்டாமென்று பாதியில் விலகினால் விடுவானா என்று வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்டார். "ஒரு ஆட்டம் ஆடிப் பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்று வாத்தியார் நழுவப் பார்த்தார். "ஆடிப் பாத்தவன் எவன் வே சொல்லிருக்கான்? தலையச் சொறிஞ்சுக்கிட்டுல்லா போயிருக்கான்" என்றார் அண்ணாச்சி.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம், நம் வாசலோடு போகிறது. பொருட்காட்சியில் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. வளையம் எறிகிற கடைக்கு எங்கள் இரண்டு குடும்பமும் போய் நின்றோம். கட்டைகளின் மேல் சோப்பு, டார்ச் லைட், சுவர்க்கடிகாரம் என்று வைத்திருந்தார்கள். எறிகிற வளையம் கட்டையைச் சுற்றி அடிவரை இறங்கி விழுந்தால் மேலே இருக்கிற பொருள் நமக்கு. கூட்டம் முண்டியடித்தது. அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து அளக்கிற டேப்பை எடுத்தார்.

"தம்பி, இந்த வளையத்த அந்தக் கடிகாரக் கட்டையில கையாலயே பைய மாட்டிக் காட்டுங்க பாப்போம்."

"சார், எறியுதியளா, போகுதியளா?"

"எறியுததுக்கு முன்னால தெரிஞ்சிக்கிடணும்லா. விழுமா விழாதான்னு என் கைதான் முடிவு பண்ணணும். உங்க கட்டை முடிவு பண்ணப்பிடாது."

கடைக்காரர் மாட்டிக் காட்டினார். மூலையில் சிக்கிக்கொண்டது. இன்னொரு தினுசாகச் சாய்த்து அழுத்தியதும் ஒருவழியாக இறங்கியது. "இறங்குது, ஆனா சாமி இறங்குத மாதிரி இறங்குது" என்று அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்து அறிவித்தார். கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது. கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, ஒரு சோப்பை அவர் கையில் திணித்து, போய்விடச் சொன்னார். விளையாடாமல் வாங்கினால் அது பரிசாகாது என்று அதற்கும் ஒரு தகராறு. நான் என் கையிலிருந்த பெரிய அப்பளத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். பொருட்காட்சி அப்பளத்தை எதற்காக அவ்வளவு பெரிதாகப் பொரிக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இப்படிப்பட்டவர் வீட்டில் கிரைண்டர் கெட்டுப்போனால் என்ன ஆகும்? புதுசு வாங்கமாட்டார். எந்தக் கடைக்குப் போனாலும் கியாரண்டி அட்டையை வாங்கி நின்றுகொண்டே வாசிப்பார். "ஏளா, கல்லுக்குக் கியாரண்டி உண்டாம், மோட்டாருக்கும் உண்டாம், ரெண்டையும் இணைக்குத பெல்ட்டுக்கு இல்லையாம். அப்ப எதுக்குக் கியாரண்டி?" என்று மைனியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். பாவம் மைனி, ஊறப்போட்ட அரிசியையும் உளுந்தையும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி மேலப்பாளையத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போய் மாவாட்டிக்கொண்டு வருவார். பஸ்ஸில் ஒருநாள் வாளி கவிழ்ந்து, கண்டக்டர் காலெல்லாம் உளுந்து. அன்று மைனி அழுததை நான் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பொங்கல் விளையாட்டு விழா வந்தது. பெண்களுக்கான பூக்கட்டும் போட்டிக்கு ஒரு கிரைண்டரைப் பரிசாகத் தர நகரில் ஒருவர் முன்வந்தார். அரை மணி நேரத்தில் வாழைநாரில் யார் நீளமாகப் பூக்கட்டுகிறாரோ அவருக்குக் கிரைண்டர். எங்கள் நகரில் மைனியை விட வேகமாகப் பூக்கட்டுகிறவர் கிடையாது என்பது ஊரறிந்த விஷயம். "இந்த மனுசன் வாங்கித் தரமாட்டாவ. நானே ஜெயிச்சுக்கிடுதேன்" என்று என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து தினமும் பூவை வாங்கிக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகப் பயிற்சி நடந்தது.

போட்டியை நடத்துகிற பொறுப்பை விழாக் குழுத் தலைவர் அண்ணாச்சியிடமே கொடுத்துவிட்டார். கேள்வி கேட்கிறவனை மேடையில் ஏற்றிவிட்டால் கீழே நிம்மதி என்பது அவர் கணக்கு. அண்ணாச்சி வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு போட்டிக்கு நிபந்தனை எழுத உட்கார்ந்தார். சேர்த்து வைத்திருந்த கம்பெனி நோட்டீஸ்களிலிருந்தெல்லாம் நல்ல நல்ல நிபந்தனையாகப் பொறுக்கி நாலு பக்கத்துக்கு எழுதினார். யாரும் வாசிக்கவில்லை.

இங்கே எங்கள் நகரின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். விழா நோட்டீஸில் ஒருவர் பேர் விட்டுப்போனால் அவர் அடுத்த வருஷம்வரை யாரோடும் பேசமாட்டார். அதனால் வீட்டுக்கொரு பதவி. தலைவர், துணைத் தலைவர்கள், பொருளாளர், காப்பாளர், ஒலிபெருக்கிப் பொறுப்பு, பந்தல் பொறுப்பு. என் கணவர் மோர் விநியோக இணைப் பொறுப்பாளர். மோர் எங்கே இருந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

பொங்கலுக்கு மறுநாள் பந்தலில் பெண்கள் பூவும் நாருமாக உட்கார்ந்துவிட்டோம். முன்வரிசையில் மைனி, பட்டுச்சேலையில். சேருவதற்கு முன்னால் எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, அண்ணாச்சி மைக்கில் நிபந்தனைகளை வாசிக்கத் தொடங்கினார். யார் காதிலும் விழவில்லை. பூவைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது நிபந்தனையில் அவர் குரல் நின்றது. பந்தக்காலில் ஒட்டியிருந்த விழா நோட்டீஸைப் பார்த்தார். மைனியைப் பார்த்தார். அப்படியே நாலாவதுக்குத் தாவியிருக்கலாம், ஒரு ஈ காக்காய்க்குத் தெரிந்திருக்காது. அவர் மறுபடி மூன்றாவதையே வாசித்தார்.

"போட்டி நடத்தும் குழுவினரும், அவர்களுடைய குடும்பத்தினரும் போட்டியில் கலந்துகொள்ள இயலாது."

கம்பெனி நோட்டீஸில் பார்த்து எழுதிய வரி. கம்பெனிக்குச் சரி. எங்கள் நகரில்தான் ஊரே குழுவாயிற்றே.

தலைவர் எழுந்தார். "அந்த ஒரு வரிய அடிச்சிட்டு மேல வாசியும் வே."

"எல்லாரும் வந்து உக்காந்தபிறகு விதிய மாத்துனா அதுக்குப் பேரு போட்டியா? இதத்தான இத்தன வருசமா ஊர்ல உள்ளவனையெல்லாம் கேட்டேன்."

"அப்ப யாருதான் சேரலாம்?"

அண்ணாச்சி நோட்டீஸின் பக்கத்தில் போய் நின்று, வீடு வீடாக விரலை வைத்துக்கொண்டே வந்தார். எல்லா வீடும் இருந்தது. கடைசி வீட்டு மாடி மட்டும் இல்லை. அந்த மாடியில் குடியிருக்கிற பெண் கடைசி வரிசை ஓரத்தில், மடியில் பூவோடு உட்கார்ந்திருந்தார். மணப்பாட்டுப் பக்கம், கடலோர மீனவக் குடும்பம். கணவருக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வருவார். மகளின் படிப்புக்காக இங்கே வந்து இரண்டு வருஷமாகிறது.

"யம்மா, உங்க பேரு நோட்டீசுல இல்லையே. ஏன்?"

"யாரும் வந்து கேக்கல அண்ணாச்சி."

மைக் போட்டபடியே இருந்தது. பக்கத்துத் தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

"விழா வரி கேட்டாவளா?"

"அது ரெண்டு வருசமும் வந்து வாங்கிட்டுப் போனாவ. ரசீதுல 'மாடி'ன்னு போட்டுக் குடுத்தாவ."

பொருளாளர் பந்தல் கூரையைப் பார்த்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. பேர் விட்டுப்போனால் சண்டைக்கு வருகிறவர்கள் எல்லோர் பேரையும் போட்டிருந்தோம், சண்டைக்கு வரத் தெரியாத ஒருத்தியின் பேரை விட்டிருந்தோம். அவர் பேர் என்ன என்று அங்கே இருந்த யாருக்கும், எனக்கும்கூட, தெரியாது. எங்களுக்கும் அவர் மாடிவீட்டம்மாதான்.

அவர் மடியிலிருந்த பூவை அள்ளினார். "நான் மேல போறேன் அண்ணாச்சி. எல்லாரும் ஆசையா வந்திருக்காவ. என்னால எதுக்கு."

"இருங்கம்மா" என்றார் அண்ணாச்சி. "ஒரு சோப்புக் கட்டிக்கு ஊரைக் கூட்டி நூறு கேள்வி கேட்டவன் நான். உங்க படியேறி ஒரு பேரு கேக்கத் தெரியல எனக்கு. நீங்க கெட்டுங்க. நிபந்தனைப்படி நீங்க ஒரு ஆளுதான் சேரலாம்."

மைனி எழுந்தார். வீட்டுக்குத்தான் போகப்போகிறார் என்று நினைத்தேன். நேரே பின்வரிசைக்குப் போய்த் தன் நாரை அந்தப் பெண்ணின் முன்னால் வைத்தார். "இது நல்லா நனைஞ்சது, அறாது. இதுல கெட்டுங்க." கணவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு வாரம் அவரோடு பேசவும் இல்லை.

அரை மணி நேரம் அந்தப் பெண் தனியாகப் பூக்கட்ட, நகரே உட்கார்ந்து பார்த்தது. அதைப்போல ஒரு தண்டனையை நான் அனுபவித்ததில்லை. முதலில் அவர் விரல் தடுமாறியது. பிறகு வலை பின்னிப் பழகிய கை தன் வேகத்துக்கு வந்துவிட்டது. மைனியே வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். போட்டி ஒழுங்காக நடந்திருந்தாலும் யார் ஜெயித்திருப்பார் என்று சொல்வதற்கில்லை. கைதட்டக்கூட எங்களுக்குக் கூசியது. அண்ணாச்சி மட்டும் டேப்பை எடுத்து, ஒரே ஆள் கட்டிய பூவை ஒரு விரற்கடை விடாமல் அளந்து, முதல் பரிசு என்று அறிவித்தார். கிரைண்டரை மாடிக்குத் தூக்கக் குழுவினர் அத்தனை பேரும் பாய்ந்தார்கள். வெட்கத்தில் வருகிற உபகாரம் எப்போதும் அளவுக்கு மீறித்தான் இருக்கும். படியில் ஆட்களும் கிரைண்டரும் அடைத்துக்கொண்டு, கடைசியில் அந்தப் பெண்தான் ஒவ்வொருவராகக் கீழே இறங்கச் சொன்னார்.

சாயங்காலம் ஒரு தட்டில் சர்க்கரைப் பொங்கலை வைத்து மூடி, அந்த மாடிக்குப் போனேன். சும்மா போக முகமில்லை, ஒரு தட்டு வேண்டியிருந்தது. படியில் எனக்கு முன்னால் அண்ணாச்சி ஏறிக்கொண்டிருந்தார், வெறுங்கையோடு. கதவு திறந்தது.

"உங்க பேரு என்னம்மா?"

"பிலோமினா. எதுக்கு அண்ணாச்சி, இன்னும் எதுவும் எழுதணுமா?"

"ஒண்ணும் எழுதாண்டாம். தெரிஞ்சிக்கிட்டுப் போகத்தான் வந்தேன்."

வேறெதுவும் கேட்கவில்லை. திரும்பி இறங்கும்போது என்னைப் பார்த்து, நானும் அவரைப் பார்த்து, இரண்டு பேரும் சுவரைப் பார்த்தோம். இப்போது மைனியின் அரிசி பஸ் ஏறுவதில்லை. பிலோமினாவின் மாடிக்குப் போகிறது. தூக்குவாளியைச் சுமந்துபோய் வாசலில் வைத்துவிட்டு, ஆட்டி முடிக்கிறவரைக்கும் படியில் உட்கார்ந்திருப்பது அண்ணாச்சிதான். உள்ளே வரச் சொன்னாலும் போகமாட்டார்.

அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நேரில் சொன்னால், என்ன நிபந்தனையின் பேரில் என்று கேட்பார். அதனால்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.