மாளவிகாவின் ஆழ்மன மேம்பாட்டுத் திட்டம்

மனித குலத்தின் எல்லா வெற்றிகளும் ஏதோ ஒரு தாயின் தலைக்குள்தான் முதலில் நிகழ்ந்திருக்கின்றன என்று, டேபிள் டென்னிஸ் அரங்கின் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, தன்னடக்கம். கீழே என் மகள் மாளவிகா பத்துக்குப் பத்தில் நின்றாள். வழக்கம்போல ஒரு கணம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வழக்கம்போல அடுத்த இரண்டு புள்ளிகளையும் கோட்டைவிட்டாள்.

மாநில அணிக்கான தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. அவள் வயதுப் பிரிவில் அதுதான் கடைசி வாய்ப்பு. கையிலும் காலிலும் குறையில்லை என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். எஞ்சியது மனம். அது என் துறை. நான் கதை எழுதுகிறவள். மனித மனத்தின் அடியாழங்களை வாரப் பத்திரிகைகளில் துழாவிக் காட்டுகிறவள்.

முதலில் 'மரபான' முறைக்கு நியாயமாக ஒரு வாய்ப்புக் கொடுத்தோம். அடையாறில் டாக்டர் சாய்மா, விளையாட்டு உளவியலாளர்.

"பத்துக்குப் பத்து வந்ததும் மனசுல என்ன ஓடும், மாளவிகா?"

"எதிராளியோட சர்வீஸைத்தான் யோசிப்பா டாக்டர்" என்றேன் நான்.

"தோத்துட்டா வீட்டுல என்ன நடக்கும்?"

"ஒண்ணுமே நடக்காது. நாங்க ரொம்ப சகஜமா எடுத்துப்போம்" என்றேன்.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில உக்காருறீங்களா?"

ஒரு விஞ்ஞானம் தன் இயலாமையை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. தாயை வெளியே உட்கார வைத்துத் தீர்க்கக்கூடிய பிரச்சினை என்று எங்கள் மயிலாப்பூரில் ஒன்று உண்டா? மேற்படி முறை அன்றே எங்கள் இல்லத்தில் 'கைவிடப்பட்டது'.

அடுத்து தி.நகரில், 'ஆழ்மன வல்லுநர்' சுஹாஸ். பதினோரு நாள் இணையவழிப் பயிற்சியில் சர்வதேசச் சான்றிதழ் பெற்றவர்.

"மேடம், சைக்காலஜிங்கறது வாசல்ல காலிங் பெல் அடிச்சுட்டு நிக்கறது. நாங்க நேரா சமையலறைக்கே போயிடுவோம். மேல்மனசு கேள்வி கேக்கும். ஆழ்மனசு கேக்காது. சொன்னதைச் செய்யும்."

சொன்னதைச் செய்யும் ஒரு மனம் என் மகளுக்குள் இருக்கிறது! பதினேழு வருடங்களாக இதை எனக்கு ஒருவரும் தெரிவிக்கவில்லை.

"தினமும் கேக்கறதுக்கு ஒரு பதிவு தயார் பண்ணணும். அம்மா குரல்தான் பெஸ்ட். ஒரே நிபந்தனை மேடம். 'வேண்டாம்', 'கூடாது' எல்லாம் ஆழ்மனசுக்குப் புரியாது. நல்லதா மட்டும் சொல்லணும்."

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். 'பதறாதே' என்று எழுதி அடித்தேன். 'அவசரப்படாதே.' அடித்தேன். 'போன தடவை மாதிரி மானத்தை வாங்காதே.' மூன்று மணி நேரம் ஆயிற்று. நாலு சிறுகதைத் தொகுதி போட்டவளுக்கு, பெற்ற பெண்ணிடம் சொல்ல நல்லதாக ஒரு வரி தேறவில்லை. இதை ஓர் இலக்கியப் பிரச்சினை என்று முடிவு செய்து, சுஹாஸையே எழுதித் தரச் சொன்னேன்.

வாசித்தது நான்தான். "மாளவிகா, நீ ஜெயிக்கப் பிறந்தவள். அம்மா உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்." பின்னணியில் கடல் அலை. நடுவில் எங்கள் குக்கரின் இரண்டு விசில். அவையும் ஆழ்மனத்துக்கு உகந்தவையே என்று சுஹாஸ் சான்றளித்தார்.

ஆறு வாரம், மாலைதோறும் இருபது நிமிடம், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தாள். பேச்சு குறைந்தது. சாப்பாடும் குறைந்தது. முன்னேற்ற அறிக்கையில் 'ஆழ்ந்த அமைதி' என்று பதிவு செய்தேன்.

தேர்வு நாள் காலை, அரங்கத்துப் படியில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஹெட்ஃபோனை நீட்டினேன்.

"ஒரு தடவை கேட்டுட்டுப் போடி கண்ணா."

"வேண்டாம்மா."

"இத்தனை நாள் கேட்டுண்டுதானே இருந்தே?"

"மாட்டிண்டு உக்காந்துண்டிருந்தேன். ஆன் பண்ணலை."

"ஏன்டி?"

அவள் கோபப்படவில்லை. எழுந்து, ஹெட்ஃபோனை மடித்து என் கையிலேயே வைத்தாள்.

"எதுக்கும்மா ஆன் பண்ணணும்? அஞ்சு வயசுலேர்ந்து உள்ள இதுதானே ஓடிண்டிருக்கு. ஆஃப் பண்றது எங்கேன்னுதான் ஆறு வாரமாத் தேடிண்டிருக்கேன்."