பந்தி விசாரிப்பே இனி தொழில்

மண்டி வேலைக்கு முழுக்குப் போட்டுவிடுவது என்று நெடுஞ்செழியன் முடிவெடுத்தபோது அவர் வாயில் பாதி பப்ஸ் இருந்தது. மீதிப் பாதி கையில் இருந்தது.

இடம் விழுப்புரம். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டிக் கூட்டம். மகள் கலைப்பிரியாவைக் கூட்டிக்கொண்டு திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். மேடையில் கோட்டுப் போட்ட ஒருவர் மைக்கைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தார்.

"உனக்கு எது பிடிக்கும்? சொல்லு! எதைச் செய்யறப்போ உனக்கு நேரம் போறதே தெரியலை? அதுதான்ப்பா உன் தொழில்! அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ! அப்புறம் ஆயுசுக்கும் நீ வேலையே செய்ய வேணாம்!"

கலைப்பிரியா போன் பார்த்துக்கொண்டிருந்தாள். பி.காம் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டவள் அவள். அடி விழுந்தது அப்பாவுக்கு. ஆயுசுக்கும் வேலையே செய்ய வேணாம் என்ற இடத்தில் பப்ஸ் தொண்டையில் நின்றுவிட்டது.

நெடுஞ்செழியன், நிலக்கடலையை மல்லாட்டை என்கிற திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் எடை பார்த்துக் கணக்கு எழுதுகிறவர். அங்கே அவர் விடும் கொட்டாவியில் மூட்டையோடு ஒரு ஆள் உள்ளே போய்வரலாம். ஆனால் கல்யாண வீட்டில் பார்க்கவேண்டும்! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பந்தியின் நடுவே நின்றாரென்றால் மாப்பிள்ளையே இரண்டாம்பட்சம். யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. தடுக்கவும் யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

"இந்த எலைக்கு ரசம்! பெரியவருக்கு இன்னொரு வடை வையப்பா! ஏம்மா கூச்சப்படற? இது நம்ம வூட்டுக் கல்யாணம்!"

அது யார் வீட்டுக் கல்யாணம் என்பது பல சமயம் அவருக்கே தெரியாது. கடைசியில் பெண்ணைப் பெற்றவர் வந்து கையைப் பிடித்துக்கொள்வார். "அண்ணே, நீங்க இல்லன்னா பந்தி நாறிப்போயிருக்கும்ணே." அந்த ஒரு வாக்கியத்தில் நெடுஞ்செழியன் அடுத்த முகூர்த்தம் வரை உயிர் வாழ்வார்.

ராத்திரி வீட்டில் மனைவி பாஞ்சாலி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நெடுஞ்செழியன் தொண்டையைச் செருமினார்.

"பாஞ்சாலி, மண்டி வேலைய வுட்டுடலாம்னு இருக்கேன்."

"சரிங்க."

அழுகைக்குப் பதில் வைத்திருந்தார். சண்டைக்குப் பதில் வைத்திருந்தார். 'சரிங்க'வுக்கு ஒன்றும் வைத்திருக்கவில்லை.

"ஏன்னு கேக்க மாட்டியா?"

"ஏங்க?"

"பந்தி விசாரிக்கறதுதான் இனிமே எனக்குத் தொழிலு. அதுலதான் எனக்கு நேரம் போறதே தெரியல."

"எனக்கும் தெரியலதான். நீங்க எல்லா பந்தியும் முடிச்சிக்கினு வர்ற வரைக்கும் மண்டப வாசல்ல செருப்புக்குக் காவல் நிக்கறேனே. நல்ல ரோசனதாங்க. ஞாயித்துக்கெழம விழுப்புரத்துல நம்ம சீனுவாசன் பொண்ணு கல்யாணம் இருக்குது. அதுலயே ஆரம்பிச்சுடுங்க."

"அதுக்குத்தான் பத்திரிகை வச்சிருக்காங்களே."

"பத்திரிகைக்குப் போனா விருந்தாளி. தொழிலுன்னா ஒருத்தர் வேலைக்கு வைக்கணும்ல? சமையலு சகாயராஜ் மாஸ்டரு. அவருகிட்ட நான் பேசறேன்."

"மொதலாளிகிட்ட யாரு சொல்றது?"

இதைக் கேட்கும்போது அவர் குரல் பாதியாகிவிட்டது. மண்டி முதலாளி விருத்தாசலம் தும்மினால் தராசு முள் ஆடும்.

"அதையும் நானே போன்ல சொல்லிடறேன். நீங்க போயி வேட்டிக்குக் கஞ்சி போடுங்க."

நெடுஞ்செழியன் நெகிழ்ந்துபோனார். இப்படியும் ஒரு மனைவியா என்று ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். பாஞ்சாலி கெடார் கிராமத்தில் மாடு பழக்கிய குடும்பத்தில் பிறந்தவள், முரண்டு பண்ணும் மாட்டைக் கயிற்றை விட்டுப் பிடிக்கத் தெரிந்தவள் என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் மண்டிக்குப் போகவில்லை.

ஞாயிறு காலை. கஞ்சி போட்ட வேட்டி சரசரக்க மண்டபத்து முன்வாசலில் ஏறினார். பன்னீர் தெளிக்கக் கை நீட்டியவர்களைத் தாண்டி ஒரு குரல் வந்தது.

"யோவ்! எங்க போற? வேலையாளுங்க பின்பக்கம்!"

சகாயராஜ் மாஸ்டர். சமையற்கட்டில் அவர் ஒரு மஞ்சள் பனியனையும் வலைத்தொப்பியையும் நீட்டினார்.

"தொப்பி எதுக்கு மாஸ்டர்?"

"சாம்பார்ல முடி வுழக்கூடாது."

"எனக்குத்தான் முடியே இல்லியே?"

"அது உன் பேஜாரு. போட்டுக்க."

தொப்பிக்குக் கீழே இருக்கிற முகத்தை யாரும் பார்ப்பதில்லை என்பதை நெடுஞ்செழியன் முதல் பந்தியிலேயே கண்டுகொண்டார். போன மாதம் அவரைக் கட்டிப்பிடித்தவர்கள்கூட இலையைப் பார்த்தார்கள், கரண்டியைப் பார்த்தார்கள், அப்புறம் அடுத்த வாளியைப் பார்த்தார்கள். முதல் வரிசையில் பட்டுப்புடவையோடு பாஞ்சாலி உட்கார்ந்திருந்தாள்.

"இந்த எலைக்கு அப்பளம் வரலிங்க."

"பாஞ்சாலி, நாந்தான்!" என்று குனிந்து கிசுகிசுத்தார்.

"நொறுங்காததாப் பாத்து வைங்க."

பக்கத்து இலைக்காரி வேணி உற்றுப் பார்த்தாள். "ஏங்க்கா, இவரு உங்க வூட்டுக்காரரு மாதிரியே இருக்காரு?"

"அவரு தொழிலு பண்ணப் போயிருக்காருடி. இங்க எதுக்கு வரப்போறாரு?"

இத்தனைக்கும் அவர் அசரவில்லை. கையில் வடைத்தட்டு வந்ததும் பழைய ரத்தம் பாய்ந்தது. "பெரியவரே, இன்னொண்ணு! ஏம்மா, குழந்தைக்கு ரெண்டு! கூச்சப்படாதீங்க, நம்ம வூட்டுக் கல்யாணம்!" ஜனங்கள் பூரித்துப்போனார்கள். தட்டு காலியாகிக் காலியாகி வந்தது. அவரும் அள்ளி அள்ளி வைத்தார்.

மூன்றாம் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் அன்புச்செல்வன் தன் இலையை ஒரு பார்வை பார்த்தார். பக்கத்து இலையைப் பார்த்தார். சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"வடை எங்க?"

அவர் கையை எடுத்ததும் அந்த வரிசையே கையை எடுத்தது. சம்பந்தி வீட்டு இலையில் வடை இல்லை! பெண்ணைப் பெற்ற சீனுவாசன் முகம் அவிந்த கேப்பைக் களி மாதிரி ஆகிவிட்டது.

வழக்கமாக இந்தக் கட்டத்தில் நெடுஞ்செழியன்தான் பாய்வார். "இன்னா மாஸ்டரு, வடைய எண்ணியா சுட்டீங்க?" என்று கர்ஜிப்பார், கூட்டமே அவர் பின்னால் நிற்கும். இன்று பாய்ந்தவர் மாஸ்டர்.

"எவன்யா எலைக்கு ஒண்ணுக்கு மேல வச்சது? உங்க வூட்டு வடையா? வாரி வுட்டியே!"

போன மாதம் வரை அது உபசாரம். பனியன் போட்டதும் நஷ்டம்.

"உளுந்து ஊறுது. போயி கிரைண்டர்ல போட்டுச் சுடுய்யா. ஜல்தி!"

அதோடு நெடுஞ்செழியன் பந்தியைப் பார்க்கவில்லை. கொதிக்கிற எண்ணெயின் முன்னால், தொப்பியோடு, மூக்கு நுனியில் வியர்வை சொட்ட, மாப்பிள்ளை வீட்டாரின் கோபம் தணியும் வரை வடை தட்டினார். முதல்முறையாக அவருக்கு நேரம் போவது தெரிந்தது. ஒவ்வொரு நிமிஷமாகத் தெரிந்தது. கடைசியில் வேலையாட்களோடு சாப்பிட உட்கார்ந்தபோது ரசம் மிஞ்சியிருந்தது. வடை மிஞ்சவில்லை.

சீனுவாசன் அந்தப் பக்கம் வந்தார். நெடுஞ்செழியன் எழுந்து, பிடித்துக்கொள்வதற்கு வசதியாகக் கையை நீட்டினார்.

"ஏம்ப்பா, சும்மா நிக்கற? அந்த எலைங்கள எடு."

திங்கட்கிழமை காலை மண்டிச் சட்டையை மாட்டிக்கொண்டார். பாஞ்சாலி சோற்றுத்தூக்கை நீட்டினாள். இத்தனைக்கும் அவர் கேட்கவே இல்லை.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"மண்டிக்கு."

"தொழிலு?"

"அது பொழுதுபோக்காவே இருந்துட்டுப் போவட்டும்."

"மொதலாளி சேத்துக்கணுமே."

"கால்ல வுழுந்துடறேன்."

"வுழுங்க, தப்பில்ல."

வழியெல்லாம் மன்னிப்பு வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனார். மண்டி வாசலில் நாற்காலி போட்டு விருத்தாசலம் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பெண்கள் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மொதலாளி, என்னை மன்னிச்சு..."

"வாய்யா நெடுஞ்செழியா! வயித்தால போனது நின்னுச்சா?"

மல்லாட்டை உடைக்கும் சத்தம் மொத்தமாக நின்றது.

"வயித்தாலயா மொதலாளி?"

"அட, வெக்கப்படாதய்யா. உன் சம்சாரம்தான் வெள்ளிக்கெழமையே போன் பண்ணிச்சே. கல்யாண வூட்டுல வடைய ஓவரா தின்னுட்டாரு, திங்கக்கெழம காலைல கரெக்டா வந்துடுவாருன்னு."

நெடுஞ்செழியன் தராசுக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை அந்த வடைக்கு உளுந்தே ஊறவில்லை.