மிக ஈரமான மாதம்

கம்ப்யூட்டர் திரையில் வந்ததைப் படித்துவிட்டு மழைக்காரம்மா மேசையை ஓங்கிக் குத்தினாள்.

'இந்த மாதம்: மிக ஈரமானது.'

ஜன்னலுக்கு வெளியே தெருக்குழாயடியில் காலிக் குடங்கள் வரிசை கட்டி நின்றன. குழாயிலிருந்து காற்றுகூட வரவில்லை.

அந்த வானிலை நிலையத்தில் அவள் ஒருத்திதான். எவ்வளவு மழை பெய்தது, முற்றத்துத் தகரத் தொட்டியிலிருந்து எவ்வளவு தண்ணீர் ஆவியானது என்று தினமும் அளந்து பதிவு செய்வாள். மழையில் ஆவியைக் கழித்து, நாற்பது வருஷத்துக் கணக்கோடு ஒப்பிட்டு, வறட்சியா இல்லையா என்று கம்ப்யூட்டர் சொல்லும். அது வறட்சி என்றால்தான் ஊருக்குத் தண்ணீர் லாரி. ஊர் அவளுக்கு மழைக்காரம்மா என்று பெயர் வைத்தது மரியாதைக்கா கிண்டலுக்கா என்று அவள் கேட்டதில்லை.

தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"சார், ஒரு சொட்டு மழை இல்ல. ஈரமான மாசம்னு வருது!"

"ஆவி எவ்வளவு போட்டீங்க?" அதிகாரி எதையோ மென்றுகொண்டே கேட்டார்.

"தொட்டியே காஞ்சு கிடக்கு. தண்ணி இருந்தாத்தானே ஆவியாகும்? பூஜ்யம்."

"அப்புறம் என்னம்மா? உங்க ஊர்ல எப்பவும் மழையை விட ஆவிதான் ஜாஸ்தி. இப்ப ஆவியே இல்ல. நாற்பது வருஷத்துல இல்லாத முன்னேற்றம்!"

"வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க சார்!"

"தொட்டியை ரொப்பி அளந்து அனுப்புங்க. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

"ரொப்ப ஒரு லாரி அனுப்புங்க."

"வறட்சின்னு அறிவிச்ச ஊருக்குத்தாம்மா லாரி."

அவள் போனை வைத்த வேகத்தில் அது மேசையிலிருந்து துள்ளிக் கீழே விழுந்தது.

வீட்டில் இருந்தது இரண்டு டிரம் தண்ணீர். அவள் ஒன்றைத் தள்ளுவண்டியில் ஏற்றுவதைப் பார்த்ததும் அவள் கணவர் தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தார்.

"குடிக்கிற தண்ணியைக் கொண்டுபோய் வெயில்ல காயவைக்கப் போறியா?"

"ஆமா, காயத்தான் வைக்கப் போறேன். காஞ்சாத்தான் லாரி வரும்!"

"உனக்கு மண்டைதான் காஞ்சுபோச்சு."

டிரம்மைத் தொட்டியில் கவிழ்த்தாள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் தொட்டி சுத்தமாகக் காலி. சுற்றிலும் நாய்களின் ஈரக் கால்தடங்கள். விளிம்பில் இரண்டு காக்கைகள் அவளைக் குறைப்பட்டுக்கொள்வதுபோல் பார்த்தன.

பதிவில் 'தண்ணீரை நாய்கள் குடித்துவிட்டன' என்று எழுதிப் பார்த்தாள். நாய்க்குக் கம்ப்யூட்டரில் இடம் இல்லை. தண்ணீர் எவ்வளவு குறைந்தது என்பதை மட்டும் அது விழுங்கிக்கொண்டது. உடனே அதிகாரி கூப்பிட்டார்.

"ஒரே நாள்ல இவ்வளவு ஆவியா? சூரியன் உங்க தொட்டிக்குள்ள விழுந்துடுச்சா? தப்புக் கணக்கு. ரத்து பண்ணிட்டேன்."

மழைக்காரம்மாவுக்குக் கண் சிவந்தது. இரண்டாவது டிரம்மையும் இழுத்து வந்தாள். இந்தத் தடவை கையில் கம்போடு தொட்டிக்குக் காவல் உட்கார்வது என்று முடிவு. ஒரு வாளி மொண்டு தூக்கியபோது கணவர் மூச்சிரைக்க ஓடி வந்து வாளியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"விடு! இது கடைசித் தண்ணி!"

"நீங்க விடுங்க! ஊருக்காகத்தான் செய்றேன்!"

"ஊரு கிடக்கட்டும், எனக்கு நாக்கு வறளுது!"

இழுத்த இழுப்பில் வாளி இருவர் கையையும் விட்டுப் பறந்தது. பக்கத்திலிருந்த மழைமானியின் வாயில் தலைகுப்புற விழுந்து, கடைசிச் சொட்டுவரை அதற்குள் இறங்கியது. மழைமானி, அவள் பதிவு செய்யும் முன்பே தானாகக் கணக்கு அனுப்பிவிடும் புது மாதிரி. டிக் டிக்கென்று அது எண்ண ஆரம்பித்ததும் இருவரும் சண்டையை மறந்து வாயைப் பிளந்து நின்றார்கள்.

போன் அடித்தது.

"வாழ்த்துகள்மா! அரை வருஷ மழை அஞ்சே நிமிஷத்துல!"

"சார், அது மழை இல்ல, என் வீட்டுக்காரர்!"

"யாரு பெஞ்சா என்னம்மா, பதிவாயிடுச்சு. நேரா மேலிடத்துக்கே போயிடுச்சு."

அவ்வளவுதான். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.

"மேலிடத்துல யாராவது தாகத்தோட இருக்காங்களா சார்? இங்க வந்து ஒரு நாள் குடியிருங்க! காஞ்ச தொட்டியை ஈரம்ங்கறீங்க, வாளியை மழைங்கறீங்க. லாரி வரணும். வரலேன்னா இந்தக் குடங்களையெல்லாம் தூக்கிட்டு ஊரோட உங்க ஆபீஸ் வாசல்ல வந்து உட்காருவேன்!"

மறுமுனையில் மெல்லும் சத்தம் நின்றது.

"கத்தாதீங்கம்மா. நாளைக்குக் காலைல உங்க ஊருக்கு லாரி வருது. உத்தரவும் போட்டாச்சு. போதுமா?"

கணவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உன் வாய் ஒரு நாள் உருப்படியா ஒரு காரியம் பண்ணிடுச்சு" என்றார்.

காலையில் தெருவே குடமும் வாளியுமாகத் திரண்டது. ஒன்றல்ல, ஆறு லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றன. ஜனங்கள் கைதட்டினார்கள். யாரோ மழைக்காரம்மாவை முன்னால் தள்ளிவிட்டார்கள். முதல் லாரியின் டிரைவர் இறங்கி, தோளில் குழாய்ச் சுருளைப் போட்டுக்கொண்டார். அவள் தன் குடத்தை நீட்டினாள்.

"முதல்ல இதுல ஊத்துங்க தம்பி."

அவர் குடத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஊத்தறதா? எல்லாம் காலி லாரிதாங்க அக்கா. இந்த வட்டாரத்துலயே மழை பெஞ்ச ஊரு இது ஒண்ணுதானாம், மத்த ஊருக்கெல்லாம் இங்கேருந்து அள்ளிட்டு வரச் சொன்னாங்க. குளம் எந்தப் பக்கம்?"